ஐசியூவில் மெரோபெனெமுக்கு அடங்காத க்ளெப்சியெல்லா: புகை போட்டும் திரும்ப வருவது ஏன்?

வார்டுக்கண் (தொற்றுத்தடுப்பு செவிலியர்)

பன்னிரண்டு படுக்கை ஐசியூ. மெரோபெனெம் (கார்பாபெனெம் வகை ஆன்டிபயாடிக்) ரெசிஸ்டன்ட் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா விட்டு விட்டு வருகிறது. ஒருமுறை ரத்தத்தில், அடுத்து சிறுநீரில், அப்புறம் மூச்சுக்குழாய் டியூப் சளியில். ஒவ்வொரு தடவையும் அறையைக் காலி செய்து ஃபார்மலின் புகை, பிறகு சுவரில் ஸ்வாப், 'நோ குரோத்' என்று ஒரு தாள், அது ஃபைலுக்குப் போகும். கொஞ்ச நாளில் அதே கிருமி வேறு படுக்கையில். அடுத்து ஃபாகர் (கிருமிநாசினியை மூடுபனியாகத் தெளிக்கும்) மெஷின் வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. அதற்கு முன் எங்கே தேடுவது, லேபிடம் என்ன கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'கையை நன்றாகக் கழுவுங்கள்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். அளவு, நேரம், தூரம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அகார்தட்டு (நுண்ணுயிரியல்)

சிஸ்டர், ஃபாகர் காசை மிச்சம் பிடியுங்கள். க்ளெப்சியெல்லா காற்றில் மிதந்து வந்து ஒட்டும் கிருமி இல்லை. அதன் வீடு நோயாளியின் குடல், ஈரம், நம் கை. புகை சுவரைத் தொடும், ஆனால் சிங்க் குழாயின் வளைவுக்குள் போகாது, கட்டில் கம்பியில் காய்ந்த சளிக்கு அடியில் போகாது, அடுத்த நோயாளியின் குடலுக்கும் போகாது. போதாததற்கு ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. சுவர் ஸ்வாபும் அப்படித்தான். காய்ந்த சுவரில் ஒன்றும் வளராது, வளராததால் மனம் நிம்மதியாகும், அவ்வளவே.

லேபிடம் முதலில் கேட்க வேண்டியது: இது எந்த நொதியால் வந்த எதிர்ப்பு? மெரோபெனெம் போன்ற மருந்தை உடைக்கும் நொதிக்குக் கார்பாபெனெமேஸ் என்று பெயர். நம் ஊர் க்ளெப்சியெல்லாவில் என்டிஎம் (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டாலாக்டமேஸ்), ஆக்ஸா-48 வகை (குறிப்பாக ஆக்ஸா-232), அல்லது இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம். மூலக்கூறு சோதனை இல்லாத லேபிலும் எம்சிஐஎம் (கிருமி மெரோபெனெமை உடைக்கிறதா என்று பார்க்கும் டிஸ்க் சோதனை) செய்யலாம், செலவு ஒரு டிஸ்க்தான்:

2 மி.லி. டிரிப்டிக் சோய் திரவத்தில் 1 மைக்ரோலிட்டர் லூப் நிறைய கிருமியைக் கலக்குங்கள். (சூடோமோனாஸ் என்றால் 10 மைக்ரோலிட்டர் லூப்.) 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் டிஸ்க்கை அதில் மூழ்கவிட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம், கால் மணி முன்பின் இருக்கலாம். இதற்குள் ஈ.கோலை ஏடிசிசி 25922-ஐ (மெரோபெனெமுக்கு அடங்கும் ஒப்பீட்டுக் கிருமி) 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் அளவில் முல்லர் ஹின்டன் தட்டில் பூசி வையுங்கள். டிஸ்க்கை எடுத்து, ஒட்டியிருக்கும் திரவத்தைக் குழாய் விளிம்பில் வடித்து, தட்டில் வையுங்கள். மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 6 முதல் 15 மி.மீ. என்றால் கார்பாபெனெமேஸ் உண்டு. 19 அல்லது அதற்கு மேல் என்றால் இல்லை. 16-18 வந்து வளையத்துக்குள் புள்ளி புள்ளியாகக் காலனி இருந்தால் அதுவும் பாசிட்டிவ். புள்ளி இல்லாத 16-18 சந்தேகம், திரும்பச் செய்யுங்கள்.

கூடவே இன்னொரு குழாயில் 0.5 மோலார் ஈடிடிஏ 20 மைக்ரோலிட்டர் சேர்த்துச் செய்வது ஈசிஐஎம். வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் துத்தநாகத்தை நம்பி வேலை செய்யும் மெட்டல்லோ வகை, அதாவது பெரும்பாலும் என்டிஎம். இங்கேதான் நம் ஊர் லேப்கள் வழுக்குகின்றன. என்டிஎம்-மும் ஆக்ஸா-48-ம் சேர்ந்திருந்தால், ஈடிடிஏ ஒன்றை முடக்கினாலும் மற்றது மருந்தைத் தின்றுகொண்டே இருக்கும், வளையம் விரியாது. 'ஈசிஐஎம் நெகட்டிவ், ஆகவே என்டிஎம் இல்லை' என்று எழுதித் தரும் ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதீர்கள்.

இரவுப்பணி (தீவிர சிகிச்சை)

> இது எந்த நொதியால் வந்த எதிர்ப்பு?

இந்தக் கேள்வி வைத்தியத்தையே மாற்றும் என்பதால் இதோடு சேர்க்கிறேன். ஆக்ஸா-48 மட்டும் என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் தனியாகவே வேலை செய்யும். என்டிஎம் இருந்தால் அது தனியாக வெறும் தண்ணீர். என்டிஎம்-ஆல் உடைக்க முடியாத பீட்டாலாக்டம் அஸ்ட்ரியோனாம். ஆனால் கூடவே இருக்கும் ஈஎஸ்பிஎல், ஆம்ப்-சி நொதிகள் அஸ்ட்ரியோனாமை உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டாம் அடக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம்: செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் 2.5 கிராமும் அஸ்ட்ரியோனாம் 2 கிராமும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டையும் ஒரே நேரத்தில் 3 மணி நேரம் ஓடவிட்டு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவு குறையும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்துப் போட்டால் சேர்க்கையின் பலனே போய்விடும். டியூட்டி மாறும்போது நடக்கிற தவறு இதுதான்.

இன்னொன்று, சிஸ்டர் சொன்ன டியூப் சளி, கதீட்டர் சிறுநீர். அதில் வளர்வதெல்லாம் நோய் இல்லை. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றும் இல்லை என்றால் அது குடியிருப்பு. அதற்கு மருந்து போட்டால் கிருமி போகாது, எஞ்சியிருக்கும் மருந்தும் போகும்.

அகார்தட்டு

டாக்டர் சொன்ன சேர்க்கையை லேபில் சோதிக்க: 5 மி.லி. முல்லர் ஹின்டன் திரவம் உள்ள நான்கு குழாய். முதலாவது மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழாய் (கன்ட்ரோல்). இரண்டாவதில் செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் 30/20 டிஸ்க் ஒன்று, மூன்றாவதில் அஸ்ட்ரியோனாம் 30 டிஸ்க் ஒன்று, நான்காவதில் இரண்டும். டிஸ்க்கிலிருந்து மருந்து இறங்க அரை மணி நேரம் விட்டு, பிறகு கிருமியைச் சேருங்கள். நான்காவது மட்டும் தெளிவாக இருந்தால் சேர்க்கை வேலை செய்கிறது.

க்ளெப்சியெல்லாவில் பெரும்பாலும் வேலை செய்யும். ஈ.கோலையில் கவனம்: நம் நாட்டு என்டிஎம் ஈ.கோலைகளில் அஸ்ட்ரியோனாம் போய் ஒட்டும் பிபிபி-3 புரதத்தில் நான்கு அமினோ அமிலம் கூடுதலாகச் செருகியிருப்பது சகஜம். சேர்க்கைக்கும் அடங்காமல் நழுவுவது அங்கேதான்.

கல்லாப்பெட்டி (மருந்தாளுநர்)

கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டினை யாரும் பேசவில்லையே? எங்கள் பக்கம் ரிப்போர்ட்டில் கடைசி வரி எப்போதும் 'கொலிஸ்டின் - எஸ்' (கிருமி மருந்துக்கு அடங்கும்). உடனே ஆர்டர் வரும்.

அகார்தட்டு

அந்த 'எஸ்' எப்படி வந்தது என்று கேளுங்கள் சார். டிஸ்க் வைத்துப் பார்த்ததாக இருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் ஊர்ந்து போகாது. எதிர்ப்புள்ள கிருமியும் வளையம் காட்டும். திரவத்தில்தான் பார்க்க வேண்டும். மைக்ரோடைலூஷன் முடியாதவர்களுக்கு எளிய வழி: 10 மி.லி. திரவம் உள்ள நான்கு குழாயில் 10 மைக்ரோகிராம் கொலிஸ்டின் டிஸ்க்கை முறையே 0, 1, 2, 4 என்று போட்டால் மி.லி.-க்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம். அரை மணி கழித்து 0.5 மெக்ஃபார்லண்ட் கலவை 50 மைக்ரோலிட்டர் ஒவ்வொன்றிலும். மறுநாள் எதில் கலங்கவில்லை என்று பாருங்கள். இன்னொரு சங்கதி: 2020 முதல் சிஎல்எஸ்ஐ (லேப் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி இந்த வகைக் கிருமிகளுக்குக் கொலிஸ்டினில் 'எஸ்' என்ற பிரிவே கிடையாது. 2 வரை 'ஐ' (இடைநிலை), 4 முதல் 'ஆர்' (எதிர்ப்பு). அதாவது லேப் எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும் அது அரைகுறை நல்ல செய்திதான்.

இரவுப்பணி

கொலிஸ்டினில் அளவுக் குழப்பமும் உண்டு. வயலில் சில கம்பெனி யூனிட்டில் எழுதும், சில மில்லிகிராமில். 10 லட்சம் யூனிட் என்பது சுமார் 80 மி.கி. கொலிஸ்டிமெத்தேட் சோடியம், அதுவே கொலிஸ்டின் பேஸ் கணக்கில் சுமார் 33 மி.கி. இந்த 80-ஐயும் 33-ஐயும் மாற்றிப் போட்டால் ஒன்று சிறுநீரகம் போகும், இல்லை கிருமி பிழைக்கும். கடும் நோயில் முதல் டோஸ் 90 லட்சம் யூனிட், 12 மணி கழித்து 45 லட்சம், அதன்பின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறுநீரகத்தைப் பார்த்து. முதல் பெரிய டோஸைச் 'சிறுநீரகம் பாவம்' என்று குறைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைத்தால் ரத்தத்தில் அளவு ஏற ஓரிரு நாள் ஆகும். செப்சிஸில் அந்த இரண்டு நாள் நம் கையில் இல்லை. ஆர்டர் ஷீட்டில் யூனிட்டில் மட்டும் எழுதுவது என்று ஒரே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டுக்கண்

நன்றி. மருந்துப் பக்கம் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது.

குழாய்நம்பி (மருத்துவமனைப் பராமரிப்பு, பிளம்பிங்)

சிங்க். இதை யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

சிங்குக்குக் கீழே வளைந்திருக்கும் பி-டிராப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நாற்றம் மேலே வராமல் தடுக்க. அந்த வழுவழுப்புதான் கிருமிக்குக் குடித்தனம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒளிரும் ஈ.கோலையை டிராப்பில் விட்டு 2017-ல் காட்டினார்கள். சத்து கிடைத்தால் அது குழாய்ச் சுவரில் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் மேலேறும், ஒரு வாரத்தில் சல்லடை மூடிக்கு வரும். அங்கிருந்து குழாயைத் திறந்தால் தெறிக்கும். டிராப்பில் மட்டும் இருந்தபோது தெறிக்கவில்லை, சல்லடைக்கு வந்த பிறகே தெறித்தது. சத்து எங்கிருந்து என்கிறீர்களா? மீந்த டிரிப்ஸ் குளுக்கோஸ், மூக்குக்குழாயில் கொடுக்கும் பாலும் கஞ்சியும், டீ. அதோடு ஆன்டிபயாடிக் மிச்சத்தையும் அதே சிங்கில் ஊற்றினால், சாதாரணக் கிருமி செத்து எதிர்ப்புள்ளதுக்கு இடம் காலியாகும்.

பார்க்க வேண்டியவை: குழாயின் மூக்கு நேராக வடிகால் ஓட்டை மேல் விழுகிறதா? விழுந்தால் மூக்கை மாற்றுங்கள், தண்ணீர் தொட்டியின் சரிவில் விழ வேண்டும். தொட்டி ஆழமில்லாமல் தட்டையாக இருக்கிறதா? சிங்கிலிருந்து 1 மீட்டருக்குள் ஊசி மருந்து கலக்கும் மேசை, ட்ராலி, வென்டிலேட்டர் சர்க்யூட், படுக்கைத் தலைமாடு எதுவும் இருக்கிறதா? கனடாவில் டொரான்டோ ஜெனரல் மருத்துவமனையில் 2004 முதல் 2006 வரை சூடோமோனாஸ் 36 நோயாளிகளிடம் பரவியதற்குக் காரணம் இதே மாதிரி சிங்க்தான். தெறிப்பு 1 மீட்டர் வரை போனதைச் சாயம் போட்டுக் காட்டினார்கள். தொட்டியை மாற்றி அமைத்த பின்தான் நின்றது.

இரவுப்பணி

நெதர்லாந்தில் நைமேகன் ஐசியூவில் நோயாளி அறைகளிலிருந்து சிங்கையே எடுத்துவிட்டார்கள். வாய் கழுவ பாட்டில் தண்ணீர், உடம்பு துடைக்க ஈரத்துணிப் பாக்கெட், கைக்கு ஆல்கஹால். கிராம் நெகட்டிவ் குடியேற்றம் ஆயிரம் ஐசியூ நாளுக்கு 26.3-லிருந்து 21.6 ஆனது. நீண்ட நாள் தங்கியவர்களிடம் இறக்கம் இன்னும் அதிகம். நம்மால் அந்த அளவுக்குப் போக முடியாது, ஆனால் சிங்க் அதிகம் இருந்தால் சுத்தம் அதிகம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

வார்டுக்கண்

சிங்கில் தினமும் பிளீச்சிங் ஊற்றினால் போதாதா?

குழாய்நம்பி

போதாது மேடம். ஊற்றியது நேரே ஓடிவிடும், வழுவழுப்பின் மேல்தோலைத் தொட்டுவிட்டுப் போகும். அடியில் இருப்பது சில நாளில் திரும்ப மூடிக்கொள்ளும். டிராப்பையே புதிதாக மாட்டினாலும் அதற்குக் கீழே வேஸ்ட் பைப் பழையதுதானே? பக்கத்து சிங்கும் அதே பைப்பில் இணைந்திருந்தால் அங்கிருந்து வரும். மாற்றுவதாக இருந்தால் மாட்டும் வேலை நோயாளி இல்லாத நேரத்தில், கழற்றும்போது டிராப் தண்ணீரைத் தரையில் சிந்தாமல் மூடிய வாளியில். ஸ்பேனரோடு நேராக அடுத்த அறைக்குப் போகாதீர்கள். ஆட்கள் இதைத்தான் செய்வார்கள்.

பிளீச்சிங் ஊற்றும் சிங்கில் ஆசிட் கிளீனரை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

அகார்தட்டு

நம்பி சார் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எல்லாப் பழியையும் சிங்க் மேல் போட வேண்டாம். என் பந்தயம் நோயாளியின் குடல் மேல். மருத்துவமனைக்குள் வரும்போதே பலர் சுமந்துகொண்டு வருகிறார்கள். 2011-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பெதஸ்டா மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து கேபிசி (இன்னொரு வகைக் கார்பாபெனெமேஸ்) உள்ள க்ளெப்சியெல்லா பரவியது. முதல் நோயாளி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டாமவரிடம் தெரிந்தது. இடையில் அறிகுறியில்லாமல் சுமந்தவர்கள் வழியாக வந்ததை மரபணு வரிசை பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 18 பேர், 11 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் இந்தத் தொற்றாலேயே.

அதனால் மலக்குடல் ஸ்வாப். எல்லாருக்கும் வேண்டாம்: வேறு ஐசியூவிலிருந்து மாறி வருபவர், சமீபத்தில் நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவர், பாசிட்டிவ் வந்தவரின் பக்கத்துப் படுக்கை. ஸ்வாபில் மலக்கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அது ஸ்வாப் இல்லை. குரோமோஜெனிக் அகார் (கிருமிக்கேற்ப நிறம் காட்டும் தட்டு) விலை கட்டுப்படியாகாத இடத்தில்: 5 மி.லி. டிரிப்டிக் சோயில் 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் டிஸ்க் போட்டு ஸ்வாபை முக்கி, இரவு முழுக்க 35 டிகிரி, மறுநாள் 100 மைக்ரோலிட்டரை மெக்கான்கி அகார் தட்டில் இழுங்கள். இளஞ்சிவப்பு காலனி வந்தால் அடையாளம் காணுங்கள், எம்சிஐஎம் செய்யுங்கள். ஒருமுறை நெகட்டிவ் வந்தது என்று தனிமையை எடுத்துவிடாதீர்கள். குடலில் மாதக்கணக்கில் இருக்கும், ஆன்டிபயாடிக் போட்டதும் திரும்பத் தலைகாட்டும்.

இரவுப்பணி

ஸ்வாப் விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. தனி அறை இல்லை, தனி செவிலியர் இல்லை, ரிசல்ட் வர மூன்று நாள் என்றால் தெரிந்து என்ன செய்வது? அந்தப் பணத்தை ஆல்கஹால் பாட்டிலில் போடலாம்.

அகார்தட்டு

தனி அறை இல்லாவிட்டாலும் ஒரு மூலையில் சேர்த்து வைக்கலாம், ஒரே செவிலியரை அந்த மூலைக்கு மட்டும் ஒதுக்கலாம், பிபி கஃப், ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டரை அங்கேயே கட்டிப் போடலாம். தெரியாமல் இருந்தால் இதுவும் முடியாது. நாம் இரண்டு பேரும் சொல்வதும் தேவைதான், வரிசையில்தான் சண்டை.

வார்டுக்கண்

ஆல்கஹால் ரப் நாங்களே தயாரிக்கிறோம். அளவு சரியா என்று பாருங்கள்.

கல்லாப்பெட்டி

உலக சுகாதார நிறுவன முறை, 10 லிட்டருக்கு: 96% எத்தனால் 8333 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரால் 145 மி.லி., மீதி கொதித்து ஆறிய அல்லது வடிநீர் 10 லிட்டர் கோடு வரை. கிளிசராலை கடைசித் துளி வரை இறக்க அளவுக் குவளையைத் தண்ணீரால் அலசி ஊற்றுங்கள், பாதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மூடிக் குலுக்கி, சின்ன பாட்டிலில் அடைத்து, 72 மணி நேரம் தொடாமல் வையுங்கள். பெராக்சைடு இருப்பது கைக்காக இல்லை, பாட்டிலில் இருக்கும் ஸ்போர்களைக் கொல்ல. அதற்குத்தான் அந்த மூன்று நாள். ஆல்கஹால்மீட்டரில் 80% வருகிறதா பாருங்கள். ஐசோப்ரொப்பனால் கிடைத்தால் 99.8% உள்ளது 7515 மி.லி., மற்றவை அதே அளவு, முடிவில் 75%.

வேலை செய்கிறதா என்பதைச் செலவில் பாருங்கள்: ஆயிரம் நோயாளி-நாளுக்கு 20 லிட்டர் என்பது குறைந்தபட்ச அளவுகோல். உங்கள் பன்னிரண்டு படுக்கையும் நிரம்பியிருந்தால் மாதம் 7 லிட்டருக்கு மேல் போயிருக்க வேண்டும். ஐசியூவில் உண்மையில் அதைவிடப் பல மடங்கு போகணும். ஸ்டோர் லெட்ஜரைப் புரட்டினால் தெரிந்துவிடும், யாரும் ஒளிந்து நின்று கை கழுவுவதை எண்ண வேண்டாம்.

திரவ சோப்பு பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்த அடிமிச்சத்தில் சூடோமோனாஸும் செராஷியாவும் வளரும்.

அகார்தட்டு

அதே கணக்கில் இன்னொன்று. ட்ராலியில் 500 மி.லி. சலைன் பாட்டில், மேலே ஓர் ஊசி குத்தியபடி, அதிலிருந்து எல்லாருக்கும் ஃப்ளஷ் எடுப்பது. காலையில் ஒரு கை அழுக்கானால் மாலைக்குள் வார்டு முழுக்க லைன் வழியாக நேரே ரத்தத்தில். ஒரு நோயாளிக்கு ஒரு 10 மி.லி. ஆம்பூல். விலை கூடத்தான். அல்ட்ராசவுண்ட் ஜெல் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றுவதும் இதே ரகம். ஹ்யூமிடிஃபையரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும்.

வார்டுக்கண்

சலைன் பாட்டில் இருக்கிறது. எடுக்கச் சொல்லிவிட்டேன். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) அளவு?

கல்லாப்பெட்டி

கையில் 5% இருந்தால்: ரத்தம், சளி சிந்திய இடத்துக்கு 0.5%, அதாவது 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். கட்டில் கம்பி, மேசைக்கு 0.1%, 1-க்கு 49. பிளீச்சிங் பவுடர் 35% என்றால் லிட்டருக்கு 14 கிராம் போட்டால் 0.5%. முதலில் சோப்பு நீரால் துடைத்துவிட்டுத்தான் குளோரின். அழுக்கு மேல் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கேனை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் லேபிளில் 5%, உள்ளே 2% தான் இருக்கும்.

துணி ஒரு படுக்கைக்கு ஒன்று. துடைத்த துணியைத் திரும்ப வாளியில் முக்கினால் அந்த வாளி இனிமேல் கிருமி வாளி.

வெளியாள்

நான் மருத்துவத் துறை இல்லை. ஒருவருக்காகக் கேட்கிறேன்: 65 வயதுக்காரர், சர்க்கரை உண்டு. மாஸ்டர் செக்கப்பில் சிறுநீர் கல்ச்சர்: 'ஈ.கோலை, ஈஎஸ்பிஎல், ஒரு லட்சத்துக்கு மேல்'. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. ஊசி போட வேண்டும் என்கிறார்கள். இதுவும் நீங்கள் பேசும் கிருமியா?

இரவுப்பணி

அதே குடும்பம், வேறு நிலை. ஈஎஸ்பிஎல் செஃபலோஸ்போரினைத் தின்னும், மெரோபெனெமைத் தின்னாது. நம் ஊரில் வீட்டில் இருப்பவர்களின் குடலிலேயே இது சகஜம். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் இருந்தால், சர்க்கரை இருந்தாலும், சிகிச்சை தேவையில்லை. விதிவிலக்கு கர்ப்பிணி, மற்றும் சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியும் அறுவை செய்யப் போகிறவர். அறிகுறி இல்லாதவருக்குக் கல்ச்சர் எடுத்திருக்கவே வேண்டாம். ஆனால் ஊசி வேண்டாம் என்று முடிவெடுப்பது அவரை நேரில் பார்க்கும் டாக்டர். இந்த இழையைக் காட்டிக் கேளுங்கள்.

எரிச்சலோடு, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் வாய் வழி மருந்தே போதும்: நைட்ரோஃபுரான்டாயின் (மெதுவாகக் கரையும் வகை) 100 மி.கி. இருவேளை 5 நாள், சிறுநீரகம் நன்றாக இருந்தால். அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே தடவை தண்ணீரில் கரைத்து. இரண்டும் மூத்திரப்பையில்தான் வேலை செய்யும், சிறுநீரகத்துக்கே ஏறிய தொற்றுக்கு உதவாது. க்ளெப்சியெல்லா என்றால் ஃபாஸ்ஃபோமைசினை நம்ப முடியாது, அதை உடைக்கும் மரபணு க்ளெப்சியெல்லாவிடம் இயல்பாகவே உண்டு.

அகார்தட்டு

சிறுநீர் நடுத்தாரையில் பிடித்து 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு, முடியாவிட்டால் ஃபிரிட்ஜ். வெயிலில் பையில் வைத்துக்கொண்டு வந்தால் வழியிலேயே ஒரு லட்சம் ஆகிவிடும். கதீட்டர் போட்டவருக்குப் பையிலிருந்து எடுக்காதீர்கள், குழாயில் இருக்கும் போர்ட்டில் துடைத்து சிரிஞ்சால்.

வெளியாள்

இந்த என்டிஎம் சமாச்சாரம் டெல்லித் தண்ணீரில் இருந்தது என்று செய்தி வந்ததே?

அகார்தட்டு

வந்தது. 2011-ல் டிம் வால்ஷ் குழு: புதுடெல்லியில் தேங்கிய நீர் 171 மாதிரியில் 51-ல், குழாய்த் தண்ணீர் 50-ல் 2-ல் அந்த மரபணு. அதற்கு முந்தைய ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரையில் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 கிருமிகள். 'நியூ டெல்லி' என்ற பெயர் பற்றி அப்போது நடந்த சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். பயனுள்ளது வேறு: மரபணு பிளாஸ்மிட்டில் (கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றும் டிஎன்ஏ வளையம்) உட்கார்ந்திருக்கிறது, கழிவுநீரில் ஒரு இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதனால் இன்று உங்கள் ஐசியூவில் க்ளெப்சியெல்லா, அடுத்து என்டரோபாக்டர் வந்தால் 'இது வேறு கிருமி' என்று விட்டுவிடாதீர்கள். ஒரே பிளாஸ்மிட் உடை மாற்றி வந்திருக்கலாம்.

கல்லாப்பெட்டி

கடைப் பக்கமும் ஒரு வார்த்தை. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை (விற்பனையைப் பதிவு செய்ய வேண்டிய மருந்துப் பட்டியல்): மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பாபெனெம் எல்லாம் அதில். டாக்டர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 ஆண்டு வைக்க வேண்டும். நடப்பது: 'செஃபிக்ஸிம் நாலு மட்டும் கிழிச்சுக் குடுங்க'. அசித்ரோமைசின் அந்தப் பட்டியலிலேயே இல்லை, சளிக்கெல்லாம் அதுதான் போகிறது. இன்னொரு பெரிய வாய்க்கால் வைடால் (டைபாய்டுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை). காய்ச்சல் இரண்டாம் நாளே எடுத்து 'டைபாய்டு பாசிட்டிவ்' என்று சீட்டு வரும். பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதிலும் அது ஏறும். டைபாய்டு சந்தேகம் என்றால் மருந்துக்கு முன் ரத்தக் கல்ச்சர்.

பட்டிதொட்டி (கால்நடை மருத்துவர்)

கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் 2019 ஜூலையில் இந்தியாவில் தடையானது. ஆனால் மடிவீக்கத்துக்குக் காம்பில் ஏற்றும் டியூபில் செஃப்ட்ரையாக்சோனும் செஃப்டியோஃபரும் இன்னும் தாராளம். பால் நிறுத்தும் நாள் லேபிளில் இருக்கிறது, கறக்கிறவரிடம் யாரும் படித்துச் சொல்வதில்லை. கல்ச்சர் எடுத்துவிட்டு ஏற்றுங்கள் என்றால் சிரிக்கிறார்கள்.

இரவுப்பணி

ரத்தக் கல்ச்சர் பேச்சு வந்ததால்: பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8-10 மி.லி., இரண்டு இடத்தில் குத்தி இரண்டு செட். 3 மி.லி. எடுத்துவிட்டு 'நோ குரோத்' என்று மெரோபெனெமைத் தொடர்வது அன்றாடம் நடக்கிறது. தோலில் 2% குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹால் 30 விநாடி தேய்த்து, காய விடுங்கள். பாட்டில் மூடி ஸ்பிரிட்டில் துடையுங்கள், அது கம்பெனியிலிருந்து ஸ்டெரைலாக வருவதில்லை. லேபுக்குப் போகும் வரை வெளியே வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

வார்டுக்கண்

நாளை முதல் வேலை சிங்க். தெறிப்பைப் பார்க்கும் சாயம் எங்கே கிடைக்கும்?

குழாய்நம்பி

கண் பிரிவில் கேளுங்கள் மேடம். விழித்திரை ஆஞ்சியோவுக்கு வைத்திருக்கும் 20% ஃப்ளூரசீன் 3 மி.லி. ஆம்பூல், காலாவதியானதே போதும். சல்லடை மேல் ஊற்றி, விளக்கணைத்து, ஒருவர் குழாயை முழுதாகத் திறக்க, இன்னொருவர் யூவி டார்ச்சோடு மேசை, ட்ராலி, கட்டில் என்று 1 மீட்டர் சுற்றிப் பார்க்கட்டும். போட்டோ எடுத்து மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்புங்கள், ஃபாகர் கொட்டேஷனைவிட அது வேகமாக வேலை செய்யும். வெள்ளை யூனிஃபார்மில் போகாதீர்கள், பட்டால் மஞ்சள் போகாது.